உலைக்களமே பள்ளி

உரைநடை உலகம்

நுழையும்முன்

கற்றல் என்றவுடன் நூலும் கரும்பலகையும் தேர்வும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், மனிதகுலம் தன் அறிவின் பெரும்பகுதியைக் கையாலும் கண்ணாலும் செவியாலுமே கற்றது. அவ்வறிவு ஒருவர் அருகில் மற்றொருவர் நின்று பார்த்துப் பழகும்போதே கைமாறுகிறது. அமெரிக்காவில் மறையும் நிலையை எய்திய கொல்லர் தொழிலை, பிழைப்புக்காக அன்றி விருப்பத்துக்காகக் கற்றவர்கள் ஒன்றுகூடி மீட்டெடுத்த வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது. அவ்வரலாற்றின் ஓர் இழை நம் மண்ணின் உருக்கையும் வந்து தொடுகிறது.

ஓர் ஊர் தன் தேவைகளைத் தானே நிறைவு செய்துகொள்ள, ஒரு காலத்தில் அங்கே உலைக்களம் ஒன்று வேண்டியிருந்தது. உழவர்க்குக் கொழு, அறுவடைக்கு அரிவாள், வண்டிக்குக் கடையாணி, தச்சர்க்கு உளி, வீட்டுக்குக் கீலும் கொண்டியும் என யாவும் கொல்லரின் கையிலிருந்தே வந்தன. பிற தொழிலாளர் அனைவர்க்கும் கருவி செய்து கொடுத்தவர் கொல்லர். தமக்கு வேண்டிய கருவிகளைத் தாமே செய்துகொண்டவரும் அவரே. புதிய வடிவில் ஒரு குறடு தேவைப்பட்டால், பழைய குறட்டால் இரும்பைப் பிடித்துப் புதிய குறட்டை அடித்துக்கொள்வார்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் இதே நிலைதான் இருந்தது. குதிரைக்கு லாடமும் வீட்டுக்கு ஆணியும் கதவுக்குத் தாழும் உள்ளூர்ப் பட்டறையிலேயே உருவாயின. 19ஆம் நூற்றாண்டில் ஆலைகள் பெருகின. ஒரு மனிதர் நாள்முழுதும் அடித்துச் செய்த ஆணிகளை இயந்திரம் சிறிது நேரத்தில் வெட்டிக் குவித்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டி வந்தது. குதிரை சாலையை விட்டு விலகியது. குதிரை விலகியதும் லாடம் அடிப்பவர்க்கு வேலை குறைந்தது. தந்தையின் பட்டறைக்கு மகன் செல்லவில்லை. உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. முதிய கொல்லர் ஒருவர் மறையும்போது, அவர் கையில் வாழ்ந்த அறிவும் அவரோடு மறைந்தது.

மூடிய கதவுகள்

தொழில் அருகியதற்கு இயந்திரம் மட்டுமே காரணம் என்று கூறிவிட இயலாது. தொழிலறிவு பன்னெடுங்காலமாகச் சில கதவுகளுக்குள் அடைபட்டுக் கிடந்தது. நம் நாட்டில் அது குடும்பத்தோடும் பிறப்போடும் பிணைந்திருந்தது. ஐரோப்பாவில் தொழிற்குழுக்கள் அதனைத் தம் காவலில் வைத்திருந்தன. இங்கிலாந்தில் 1563ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், ஒரு தொழிலைச் செய்ய விரும்புவோர் ஏழாண்டுகள் பயிற்சி பெற வேண்டும் என்று வரையறுத்தது. இத்தகைய ஏற்பாடுகள் தொழிலின் தரத்தைக் காத்தன என்பது உண்மை. ஆயினும், குடும்பத்திலோ குழுவிலோ இடம்பெறாத ஒருவர், ஆர்வம் ஒன்றை மட்டுமே கொண்டு உலைக்களத்துக்குள் நுழைய வழியில்லை.

அடைத்துக் காக்கப்பட்ட அறிவுக்கு ஓர் இடர் உண்டு. காப்பவர் உள்ளவரை அது வாழும். காப்பவர் இல்லாதபோது அதனை எடுத்துச் செல்ல எவரும் இரார். தொழிலைப் பெற வேண்டியிருந்த தலைமுறை வேறு வேலைகளை நாடிச் சென்றபோது, மூடிய கதவின் இருபுறமும் வெறுமையாயிற்று.

இருபத்தேழு பேர்

கைவினைகளில் பெருவிருப்பம் கொண்ட எழுத்தாளர் அலெக்ஸ் பீலர். அவர் கொல்லர் தொழிலின் கருவிகளையும் முறைகளையும் தொகுத்து, 'கொல்லர் கலை' என்னும் பொருள்படும் நூலை 1969ஆம் ஆண்டு வெளியிட்டார். பட்டறையைக் கண்டிராத பலரும் அந்நூலைப் படித்து ஆர்வம் கொண்டனர். வீட்டின் பின்புறத்தில் சிறிய உலை அமைத்து, தண்டவாளத் துண்டையே பட்டடையாக வைத்து இரும்பை அடிக்க முற்பட்டனர். (பட்டடை என்பது காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கும் கனத்த இரும்புப் பாளம்.)

நூல் வழி காட்டியது. ஆனால், கையைப் பிடித்துத் திருத்தவில்லை. 'இரும்பு போதிய அளவு காய்ந்ததும் எடுக்க' என்று நூல் கூறலாம். போதிய அளவு என்பது எது என்பதைக் கண்டவர் ஒருவர் அருகில் இருந்து காட்ட வேண்டும். ஆகவே, தனித்தனியே முயன்றுகொண்டிருந்தோர் ஒருவரையொருவர் தேடத் தொடங்கினர்.

1973ஆம் ஆண்டு ஜார்ஜியா மாநிலத்தின் லம்ப்கின் என்னும் சிற்றூரில் 27 பேர் கூடினர். அக்கூட்டத்தில் பிறந்ததே வட அமெரிக்கக் கலைக் கொல்லர் சங்கம். நாளடைவில் பல மாநிலங்களில் அதனோடு இணைந்த குழுக்கள் தோன்றின. 1978இல் பிரித்தானியாவிலும் இத்தகைய சங்கம் ஒன்று அமைந்தது. இதழ்கள் வெளிவந்தன, மாநாடுகளும் செய்முறைக் கூட்டங்களும் நடந்தன. தொழிலால் வாழ்ந்த கொல்லரும், ஆசிரியர், மருத்துவர், உழவர், பொறியாளர் என வெவ்வேறு பணி செய்து ஓய்வு நாளில் உலை மூட்டியவரும் ஒரே தீயைச் சூழ்ந்து நின்றனர். பெண்களும் இணைந்து கற்றனர். பிறப்போ பட்டமோ அங்கே கேட்கப்படவில்லை. கற்கும் விருப்பமே நுழைவுச்சீட்டாயிற்று.

நிறம் என்னும் நெடுங்கணக்கு

அவ்வாறு நுழைந்த ஒருவர் முதலில் கற்பது அடிப்பதை அன்று, பார்ப்பதை.

உலையில் இட்ட இரும்பு சூடேறச் சூடேற நிறம் மாறும். முதலில் மங்கிய சிவப்பு தோன்றும். பின்னர்ச் செம்மஞ்சளும் மஞ்சளும் வரும். இறுதியில் கண்ணைக் கூசவைக்கும் வெண்மை எழும். மென்னெஃகு செம்மஞ்சளுக்கும் மஞ்சளுக்கும் இடைப்பட்ட நிறத்தில் களிமண்போல் இளகி, அடிக்கு இசைந்து கொடுக்கும். மங்கிய சிவப்பில் அடித்தால் இரும்பு நகராது, கைதான் நோகும். அந்நிலையில் வலிந்து அடிப்பதால் விரிசலும் விழலாம். வெண்மையையும் கடந்து தீயில் விட்டுவிட்டால், மத்தாப்புபோல் பொறி பறக்கும். அது கண்ணுக்கு அழகு, இரும்புக்கோ அழிவு. அவ்வாறு எரிந்த பகுதி மீண்டும் சீராகாது. அதனை வெட்டி எறிய வேண்டியதுதான்.

கொல்லர் பட்டறை மங்கலான ஒளியுடன் இருப்பதன் காரணமும் இதுவே. வெயிலில் பார்த்தால் செம்மஞ்சள் இரும்பும் கறுத்தே தெரியும்; நிறத்தை நம்பும் கண் ஏமாறும்.

புதியவரை மூத்தவர் எச்சரிக்கும் முதல் இடமும் நிறத்தைப் பற்றியதே. செந்நிற இரும்பைக் கண்டு எவரும் விலகுவர். ஒளி அடங்கிக் கறுத்த இரும்பு, பார்வைக்கு ஆறியதுபோல் கிடக்கும். உண்மையில் அது 400 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருக்கலாம். கொல்லர்க்கு ஏற்படும் தீப்புண்களுள் பல, கறுத்த இரும்பைத் தொட்டதால் வருவன. ஆகவே, தரையில் கிடக்கும் எந்தத் துண்டையும் எடுக்கும்முன், தொடாமல் புறங்கையை அதன் அருகே கொண்டுசென்று வெம்மை வீசுகிறதா என்று அறிந்துகொள்வர்.

தெரிந்து தெளிவோம்

இரும்பின் நிறமும் ஏறத்தாழ வெப்பநிலையும்

மங்கிய சிவப்பு – 650 பாகை செல்சியஸ்
செம்மஞ்சள் – 950 பாகை செல்சியஸ்
மஞ்சள் – 1100 பாகை செல்சியஸ்
வெண்மை – 1300 பாகை செல்சியஸும் அதற்கு மேலும்

எஃகு ஏறத்தாழ 770 பாகையில் தன் காந்த ஈர்ப்பை இழக்கும். கருவிக்குத் தோய்ச்சல் போடும் கொல்லர், சிறு காந்தத்தை அருகே காட்டி இந்நிலையை அறிவர்.

அளவு குறையாது, இடம் மாறும்

தச்சர் மரத்தைச் செதுக்கி வடிவம் காண்கிறார். வேண்டாத பகுதி சீவலாக விழுகிறது. கொல்லர் தொழில் அவ்வாறானதன்று. தீயில் செதிளாக உதிரும் சிறு பகுதி நீங்கலாக, அடிக்கும் இரும்பின் அளவு குறைவதில்லை. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகர்கிறது. 12 மில்லிமீட்டர் பக்கமுள்ள சதுரக் கம்பியில் 10 சென்டிமீட்டர் நீளத்தை எடுத்து, பக்கம் 6 மில்லிமீட்டர் ஆகும்வரை அடித்தால், அது 40 சென்டிமீட்டராக நீளும். பக்கம் பாதியானால் நீளம் நான்கு மடங்காகும். ஆகவே, நீட்ட வேண்டிய பொருளுக்கு எவ்வளவு இரும்பு தேவை என்பதை உலை மூட்டும் முன்னரே கணக்கிட்டுவிடலாம்.

வட்டமான கூர்முனை வேண்டுமெனில், தொடக்கத்திலேயே வட்டமாக அடிக்கலாகாது. முதலில் முனையைச் சதுரமாக அடித்துக் கூராக்குவர்; பின் அதன் நான்கு விளிம்புகளையும் தட்டி எண்கோணமாக்குவர்; இறுதியில் மெல்லத் தட்டி வட்டமாக்குவர். நேராக வட்டத்துக்குச் சென்றால் புறப்பகுதி மட்டும் நீண்டு, நடுப்பகுதி பின்தங்கும். முனை பிளவுபட்டு உள்ளே குழி விழும். சுற்றுவழியாகத் தோன்றும் முறையே இங்குக் குறுக்கு வழி.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்க, பட்டடையின்மேல் நேரம் கிடைக்காது. மெல்லிய கம்பி உலையை விட்டு வெளிவந்த பின் அரை நிமிடத்துக்கும் குறைவான பொழுதே அடிக்கத் தக்கதாக இருக்கும். எங்கே அடிப்பது, எத்தனை அடி, எப்போது திருப்புவது என்பனவற்றை எல்லாம் இரும்பு தீயில் இருக்கும்போதே முடிவுசெய்துவிட வேண்டும். வெளியே எடுத்த பின் எண்ணத் தொடங்குபவரிடம் இரும்பு ஆறிவிடுகிறது.

பிழையும் பாடமே

இத்தகைய குழுக்களின் கூட்டம் பெரும்பாலும் ஓய்வுநாளில், உறுப்பினர் ஒருவரது பட்டறையில் நடைபெறும். அனுபவம் மிக்க ஒருவர் அனைவர் முன்னிலையிலும் ஒரு பொருளைச் செய்து காட்டுவார். பிறகு புதியவர்கள் ஒவ்வொருவராகப் பட்டடைக்கு வருவர். முதற்பொருள் பெரும்பாலும் சுவரில் மாட்டும் கொக்கியாகவோ ஆணியாகவோ இருக்கும். கொக்கி எளிய பொருள்தான். ஆயினும், நீட்டல், கூராக்கல், வளைத்தல், துளையிடல் என அடிப்படைச் செயல்கள் பலவும் அதற்குள் அடங்கியுள்ளன.

புதியவர் சம்மட்டியை இறுகப் பிடித்து ஓங்கி அடிப்பார். சிறிது நேரத்தில் முழங்கை வலிக்கும். அருகில் நிற்பவர், "பிடியைத் தளர்த்துங்கள், சுத்தியல் தன் எடையாலேயே விழட்டும்" என்பார். ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையுள்ள சுத்தியலே முதலில் போதும் என்று கூறி, கையிலுள்ள பெரிய சம்மட்டியை வாங்கிக்கொள்வார். மற்றொருவர் தீயைப் பார்த்துக்கொண்டே பேச்சில் ஆழ்ந்துவிடுவார். அவரது கம்பி பொறி பறந்து எரிந்துபோகும். அங்கு எழும் சிரிப்பு ஏளனச் சிரிப்பன்று. அங்கிருக்கும் ஒவ்வொருவரும் தம் முதற்கம்பியை எரித்தவர்களே. எரிந்த முனையைக் கையில் எடுத்து, எந்நிறத்தில் எடுத்திருக்க வேண்டும் என்பதை மூத்தவர் விளக்குவார். ஒருவர் செய்த பிழை அன்று அங்கிருந்த அனைவர்க்கும் பாடமாகிவிடும்.

தனியே கற்பவர்க்கும் குழுவில் கற்பவர்க்கும் உள்ள வேறுபாடு இதுவே. தனியே கற்பவர் எல்லாப் பிழைகளையும் தாமே செய்து கற்க வேண்டும். பிழையின் காரணம் விளங்காமல், தமக்கு இத்தொழில் வராது என்று எண்ணி விலகிவிடுவதும் உண்டு. குழுவில் கற்பவரோ பிறர் பிழைகளிலிருந்தும் கற்கிறார். பிழையை மறைக்காத இடத்தில் கற்றல் விரைகிறது.

பாதுகாப்பும் இவ்வாறே கைமாறுகிறது. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிய வேண்டும்; தீப்பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும் செயற்கை இழை ஆடையை விடுத்துப் பருத்தி ஆடை அணிய வேண்டும்; துத்தநாகம் பூசிய இரும்பை உலையில் இடக்கூடாது, அதன் புகை காய்ச்சலை உண்டாக்கும். இவை அறிவிப்புப் பலகையில் எழுதப்பட்ட விதிகளாக அல்லாமல், உடன் நிற்பவரின் அக்கறைச் சொல்லாகப் புதியவரை அடைகின்றன.

இக்குழுக்களில் 'தொப்பியில் இரும்பு' என்றொரு வழக்கம் உண்டு. உறுப்பினர்கள் தாம் செய்த பொருளையோ தமக்கு மிகுதியான கருவியையோ கொண்டுவந்து வைப்பர். பிறர் சிறு தொகைக்குச் சீட்டு வாங்குவர்; குலுக்கலில் வந்த சீட்டுக்கு உரியவர் பொருளைப் பெறுவார். திரளும் தொகை, குழுவின் நூல்களுக்கும் பயிற்சிச் செலவுக்கும் பயன்படும். ஒருவரிடம் பயனற்றுக் கிடந்த குறடு இவ்வாறு ஒரு புதியவரின் முதற்கருவியாகிறது.

சொல்லற்ற உரையாடல்

பெரிய இரும்பை ஒருவரே அடித்து உருவாக்க இயலாது. குறட்டால் இரும்பைப் பிடித்திருப்பவர் ஒருவர். எதிரே நின்று சம்மட்டி அடிப்பவர் மற்றொருவர். பிடித்திருப்பவர் தம் சிறு சுத்தியலால் ஓரிடத்தைத் தட்டிக் காட்டுவார். அதே இடத்தில் சம்மட்டி விழும். சிறு சுத்தியல் இரும்பை விட்டு விலகிப் பட்டடையில் தட்டி ஒலித்தால், நிறுத்துக என்பது பொருள். உலையின் இரைச்சலுக்கு இடையே சொல் கேளாது; ஒலியும் அசைவுமே மொழியாகின்றன.

இம்முறை நம்மூர் உலைக்களங்களிலும் இருந்ததே. துருத்தி ஊதியும் சம்மட்டி அடித்தும் குடும்பத்துப் பெண்கள் தொழிலில் பங்கேற்றதும் உண்டு. மொழியும் நாடும் வேறாயினும், பட்டடையின் இருபுறமும் நிற்போர்க்கு இடையிலான நம்பிக்கை ஒன்றேயாகும். ஒருவர் கை இருக்கும் இடத்துக்கு மிக அருகில் மற்றொருவர் சம்மட்டியை இறக்குகிறார். அந்நம்பிக்கையை நூலில் படித்துப் பெற முடியாது.

இரு கொல்லர்கள்

இம்மீட்சிக்கு வலுச்சேர்த்தவர்கள், அணையும் காலத்திலும் உலையைக் காத்த முதியவர்களே. அவர்களுள் ஒருவர் பிரான்சிஸ் விட்டேக்கர் (1906–1999). இளமையில் பிலடெல்பியாவில் புகழ்பெற்ற இரும்புக் கலைஞர் சாமுவேல் யெலினின் பட்டறையில் பணிபுரிந்தவர். பின்னர் ஜெர்மனிக்குச் சென்றும் பயின்றவர். தாம் அறிந்ததைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல், நாடெங்கும் சென்று கற்பித்தார். சமையல் குறிப்புபோல் அளவும் வரிசையும் குறித்துத் தம் செய்முறைகளை நூலாகவும் வெளியிட்டார். முதுமையிலும் அவர் பட்டடையின் அருகிலேயே நின்றார்.

மற்றொருவர் பிலிப் சிம்மன்ஸ் (1912–2009). தெற்குக் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரில் வாழ்ந்த கறுப்பினக் கொல்லர். 13 வயதில், அடிமையாகப் பிறந்து பின் விடுதலை பெற்ற முதிய கொல்லர் பீட்டர் சிம்மன்ஸிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். லாடத்துக்கும் வண்டிக்கும் தேவை குறைந்தபோது, அவர் சோர்ந்துவிடவில்லை. அதே தீயையும் சுத்தியலையும் கொண்டு அழகிய வாயிற்கதவுகளையும் கம்பி வேலிகளையும் செய்யத் தொடங்கினார். இன்று அந்நகரின் தெருக்களில் நடப்போர் அவர் கைவேலையைக் காணாமல் செல்ல முடியாது. 1982ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் தேசிய மரபுக்கலைச் சிறப்பு அவருக்கு வழங்கப்பட்டது. 1997இல் விட்டேக்கரும் அச்சிறப்பைப் பெற்றார். அடிமைத்தளையில் பிறந்த ஒருவரின் கையறிவு, சிம்மன்ஸின் வழியாக அவரிடம் பயின்ற இளைஞர்களை அடைந்தது.

இக்காலக் கற்றலுக்கு இடம் தந்த பள்ளிகளும் உண்டு. வடக்குக் கரோலினாவின் பிராஸ்டவுனில் 1925இல் தொடங்கப்பட்ட ஜான் சி. கேம்ப்பெல் நாட்டுப்புறப் பள்ளி, டென்மார்க்கின் மக்கள் பள்ளிகளை முன்மாதிரியாகக் கொண்டது. அங்கே மதிப்பெண் இல்லை, போட்டி இல்லை. கொல்லர் தொழில் உட்படப் பல கைவினைகளைக் கற்கலாம்.

உருக்கின் மறைவும் மீட்பும்

இவ்வரலாறு நம் மண்ணைத் தொடும் இடத்துக்கு இப்போது வருவோம்.

தென்னிந்தியாவில் பண்டைக் காலத்திலேயே மட்கலத்துக்குள் இரும்பையும் கரிமப் பொருளையும் இட்டு மூடி, உலையில் உருக்கி, உயர்ந்த எஃகைச் செய்தனர். நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் நடந்த அகழாய்வுகள் இரும்பு, எஃகுத் தொழிலின் தடயங்களை வெளிப்படுத்தியுள்ளன. அந்த எஃகுக் கட்டிகள் மேற்காசிய நாடுகளுக்கு ஏற்றுமதியாயின. அவற்றைக் கொண்டு உருவாக்கப்பட்ட டமாஸ்கஸ் வாள்களின் பரப்பில் நீரலைபோன்ற வரிகள் ஓடின. ஐரோப்பியர் இவ்வெஃகை 'வூட்ஸ்' என அழைத்தனர். உருக்கு என்னும் தமிழ்ச்சொல்லுக்கும் உக்கு என்னும் கன்னட, தெலுங்குச் சொல்லுக்கும் உறவுடையது அப்பெயர் என்பர்.

18, 19ஆம் நூற்றாண்டுகளில் அவ்வாள்களைச் செய்யும் முறை மறைந்தது. வாள்கள் அருங்காட்சியகங்களில் இருந்தன. வரிகளை வரவழைக்கும் வழியை அறிந்த கை இல்லை. அறிவியலாளர் பலர் முயன்றும் அப்புதிர் நெடுங்காலம் அவிழவில்லை.

புளோரிடா மாநிலத்தில் குதிரைக்கு லாடம் அடிக்கும் தொழில் செய்துவந்த ஆல் பென்ட்ரே, அவ்வாள்களின்மீது ஈர்ப்புக்கொண்டு தம் பட்டறையில் முயன்று வந்தார். அயோவா மாநிலப் பல்கலைக்கழக உலோகவியல் பேராசிரியர் ஜான் வெர்ஹோவன் அவரோடு இணைந்தார். ஒருவரிடம் உலையும் கையும் இருந்தன. மற்றவரிடம் நுண்ணோக்கியும் கோட்பாடும் இருந்தன. எஃகுக் கட்டியைச் செய்து, அடித்து, அறுத்து, ஆராய்ந்து, மீண்டும் செய்தனர். பல்லாண்டு உழைப்பின் பின், பழைய வாளை ஒத்த வரிகள் பென்ட்ரேயின் பட்டடையில் தோன்றின.

1998ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, வரிகளின் காரணத்தை விளக்கியது. தாதுவில் மிக நுண்ணிய அளவில் கலந்திருந்த வனேடியம் போன்ற தனிமங்களே, திரும்பத் திரும்பக் காய்ச்சி அடிக்கும்போது கரிமச் சேர்மங்களை வரிசையாக அடுக்கி அவ்வரிகளைத் தந்தன. இத்தனிமங்கள் அடங்கிய தாது கிடைக்காமற்போனதே அக்கலை மறைந்ததற்குக் காரணமாகலாம் என்றும் அவர்கள் கருதினர். அக்கருத்தின்படி, முன்னோர் செய்த அதே முறையை வழுவாமல் பின்பற்றிய கொல்லருக்கும் வரிகள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அறிய அவருக்கு வழியும் இல்லை.

இங்கேதான் நாம் சற்று நின்று எண்ண வேண்டும். எப்படிச் செய்வது என்பதை அக்கால வல்லுநர் அறிந்திருந்தனர். ஏன் அவ்வாறு நிகழ்கிறது என்பதைக் கூடி ஆராயும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை. கையும் அறிவியலும் ஒன்றாகி, கண்டது பலர் அறிய எழுதப்பட்டபோது மறைந்தது மீண்டது. லாடம் அடிப்பவர் பெயரும் பேராசிரியர் பெயரும் ஒரே கட்டுரையில் அடுத்தடுத்து இடம்பெற்றன.

தெரியுமா?

மின்னியலின் முன்னோடியான மைக்கேல் பாரடே, ஒரு கொல்லரின் மகன். அவர் 1819ஆம் ஆண்டு இந்திய வூட்ஸ் எஃகைப் பகுத்தாய்ந்தார். பின்னர்க் கருவி செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் இணைந்து எஃகுக் கலவைகளைப் பற்றியும் ஆய்வுகள் நிகழ்த்தினார்.

கொடுக்கக் குறையாத செல்வம்

கையால் செய்த கொக்கியை விட ஆலையில் செய்த கொக்கி விலை மலிவு. பின் எதற்காக ஒருவர் ஓய்வுநாளில் கரியும் வியர்வையுமாக உலை முன் நிற்க வேண்டும்? அவர் செய்வது கொக்கி மட்டும் அன்று. தம் கை ஒன்றை ஆக்க வல்லது என்னும் உறுதியையும் அவர் அடைகிறார். எரிந்த கம்பியைப் பிறர் காண உயர்த்திப் பிடிக்கும் துணிவையும், அடுத்த துண்டை எடுத்து மீண்டும் தீயில் இடும் பொறுமையையும் பெறுகிறார். அடுத்த ஆண்டு அவர் பட்டடையின் மறுபுறம் நின்று, மற்றொரு புதியவரிடம் பிடியைத் தளர்த்தச் சொல்வார்.

இரும்பைப் பிறர்க்குக் கொடுத்தால் கொடுத்தவரிடம் இரும்பு குறையும். இரும்பை வளைக்கும் அறிவைக் கொடுத்தால், கொடுத்தவரிடம் அது குறைவதில்லை. கற்பிக்க முற்படும்போது மேலும் தெளிவடைகிறது. மறைத்துக் காத்த அறிவு ஓரிரு தலைமுறைகளில் அணையும் நிலையை எய்தியது. 27 பேர் கூடிப் பகிர்ந்துகொண்ட அறிவோ கடல் கடந்தும் உலைகளை மூட்டியுள்ளது.

நம் ஊர்களிலும் கை ஓயாத கொல்லர்கள் இன்றும் உள்ளனர். அரிவாளுக்குத் தோய்ச்சல் போடும் அவர்களது கண், எந்த நிறத்தில் எஃகை நீரில் இட வேண்டும் என்பதை அறியும். அக்கண்ணறிவு எழுதப்படாத நூல். அதனருகே நின்று, ஏன் என்று பணிவோடு கேட்கும் ஓர் இளைஞர் கிடைத்தால், அந்நூல் வாசிக்கப்படும்.

சொல்லும் பொருளும்

உலைக்களம் – இரும்பைக் காய்ச்சி அடிக்கும் கொல்லர் பட்டறை
துருத்தி – உலைக்குக் காற்றூட்டும் கருவி
குறடு – சூடான இரும்பைப் பற்றும் கருவி
கொழு – ஏரில் பொருத்தும் இரும்பு முனை
தோய்ச்சல் – காய்ச்சிய எஃகை நீரிலோ எண்ணெயிலோ தோய்த்துக் கடினமாக்குதல்
செதிள் – காய்ச்சிய இரும்பின் மேற்பரப்பிலிருந்து உதிரும் படலம்

கற்பவை கற்றபின்...

1. களிமண்ணால் 2 சென்டிமீட்டர் பக்கமும் 10 சென்டிமீட்டர் நீளமும் உள்ள சதுரக் கோல் ஒன்றைச் செய்க. மரக்கட்டையால் தட்டி அதன் பக்கத்தை 1 சென்டிமீட்டர் ஆக்குக. நீளம் எவ்வளவு ஆயிற்று என்பதை அளந்து, பாடத்தில் கூறிய கணக்கோடு ஒப்பிடுக. (கொல்லர்களும் புதிய வடிவங்களை முதலில் களிமண்ணில் செய்து பார்ப்பதுண்டு.)

2. உங்கள் பகுதியிலுள்ள கொல்லர், தச்சர், குயவர், நெசவாளர் ஆகியோருள் ஒருவரைக் கண்டு உரையாடி, அவர் தொழிலைக் கற்ற முறையைக் கட்டுரையாக எழுதுக. அத்தொழிலில் வழங்கும் பத்துச் சொற்களைப் பொருளுடன் தொகுக்க.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. வட்டமான கூர்முனையை உருவாக்கும் சரியான வரிசை
அ) வட்டம், சதுரம், எண்கோணம்
ஆ) சதுரம், எண்கோணம், வட்டம்
இ) எண்கோணம், வட்டம், சதுரம்
ஈ) சதுரம், வட்டம், எண்கோணம்

2. வட அமெரிக்கக் கலைக் கொல்லர் சங்கம் தோன்றிய ஆண்டு
அ) 1925
ஆ) 1969
இ) 1973
ஈ) 1998

குறுவினா

1. கொல்லர் பட்டறை மங்கலான ஒளியுடன் இருப்பது ஏன்?
2. 'தொப்பியில் இரும்பு' என்னும் வழக்கத்தின் பயன் யாது?

சிறுவினா

1. கறுத்த இரும்பு செந்நிற இரும்பைவிட இடர் மிக்கதாவது எவ்வாறு?
2. தொழிலுக்குத் தேவை குறைந்தபோது பிலிப் சிம்மன்ஸ் தம் கலையைக் காத்த முறையை விளக்குக.

நெடுவினா

1. 'பிழையை மறைக்காத இடத்தில் கற்றல் விரைகிறது' என்னும் கருத்தைப் பாடச் செய்திகளோடும் உங்கள் வகுப்பறை அனுபவத்தோடும் பொருத்தி எழுதுக.
2. டமாஸ்கஸ் வாளின் மறைவும் மீட்பும் கையறிவுக்கும் அறிவியலுக்கும் உள்ள உறவை எங்ஙனம் புலப்படுத்துகின்றன?